உரலுக்குக் கீழே இருந்தவள்

வந்திருந்தோர் ஐந்து பேர். பின்சுவரில் அணில் வரைந்திருந்த இடத்துக்கு நேர்கீழே ஹிதாயா. இலைக்குக் கீழே மேனுகா. ஈக்குக் கீழே சின்னத்தங்கம். உரலுக்குக் கீழே கம்சாயினி. அவர்களைப் பார்த்தபடி, தெருவுக்கு முதுகு காட்டிக்கொண்டு, பிள்ளைகள் இருக்கும் குட்டிச் சிவப்புக் கதிரையில் அன்னப்பூரணி. எலிக்குக் கீழேயும் ஒரு பாய் விரித்துக் கிடந்தது, ஆள் இல்லை. அது கண்ணகையின் இடம். அவள் கடைசியாக வந்து மூன்று கிழமையாகிவிட்டது. வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பாய் விரிக்கப்படும். வேறு யாரும் அதில் இருப்பதில்லை. அது அங்கே எழுதாத சட்டம்.

மார்கழிச் சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. இரவு முழுக்கக் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாவிக்கும் வயல்வட்டைக்கும் நடுவே, வாவியின் மேற்கே படுவான்கரையில் கிடந்த அந்த ஊரில் எது தெரு, எது வாய்க்கால் என்று தண்ணீருக்கே தெரியவில்லை. பாலர் பாடசாலை கொஞ்சம் மேட்டில் இருந்ததால் தப்பியது. கிழமை நாட்களில் பிள்ளைகள் "அணில், ஆடு, இலை" என்று கத்திப் படிக்கிற கட்டடம் அது. சனிக்கிழமை காலையில் மட்டும், குடியையும் மாத்திரைக் குளிசையையும் விட்ட, விட முயல்கிற பெண்களுடையது.

சின்னத்தங்கம் அறுபதைத் தாண்டியவள். களை பிடுங்கப் போன இடத்தில் கசிப்புச் சாராயத்தைப் பழகி, முப்பது வருடம் குடித்து, விட்டு இரண்டு வருடம். ஹிதாயா வாவிக்கு அக்கரையில் இருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். குவைத்தில் வீட்டுவேலை செய்து முதுகு நொந்து, நோவுக்கென்று போட்ட குளிசை நோவு போன பின்னும் அவளை விடவில்லை. இதே மாதிரி ஓர் இடம் தன் ஊரில் இருந்தாலும் அவள் அங்கே போகமாட்டாள்; அங்கே தெரிந்த கண்கள் அதிகம். மேனுகாவுக்கு இருபத்திரண்டு வயது, நித்திரைக் குளிசை. கம்சாயினிக்கு இருபத்தெட்டு. புருஷன் உதயரூபன் கட்டாரில். அவளைப் பிடித்ததும் கசிப்புத்தான். அதனால் ஏழு வயது மகள் விதுர்ஷா ஒன்றரை வருடமாக புருஷனின் சகோதரியான மச்சாள் தனுஷியாவின் வீட்டில் வளர்கிறாள். சிறுவர் நன்னடத்தை அலுவலகம் போட்ட ஒழுங்கு அது.

அன்னப்பூரணிக்கு இந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை. செங்கலடியில் சாதாரணதரம் மட்டும் படித்து, கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தாறு வருடம் எழுதுநராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் அவளுடைய படலையைத்தான் தட்டுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் சின்னத்தங்கமும் தட்டினாள். "புள்ள, எனக்கு இந்தச் சனியனை விடணும். ஆருக்கு எழுதுற?" என்று கேட்டாள். அன்னப்பூரணி பேனையைத் திறந்தாள். வலது பக்க மூலையில் திகதியைப் போட்டாள். அதற்கு மேல் ஓடவில்லை. எத்தனையோ கந்தோருக்கு எழுதிய கைக்கு அன்றைக்கு ஒரு விலாசம் கிடைக்கவில்லை. பேனையை மூடிவிட்டு, "சனிக்கிழமை வா, இருந்து கதைப்பம்" என்றாள். வட்டம் அப்படித்தான் தொடங்கியது.

கட்டடத்தைத் தந்தது கிராம அபிவிருத்திச் சங்கம். மாதம் ஓர் அறிக்கை தரவேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. அன்னப்பூரணிக்கு அது நிபந்தனையாகவே தெரியவில்லை, கேட்காவிட்டாலும் எழுதியிருப்பாள். மூன்று பிரதி: ஒன்று சங்கத்துக்கு, ஒன்று கோவைக்கு, ஒன்று தனக்கு. பெயர் எழுதக்கூடாது என்று பெண்கள் கேட்டார்கள். அதற்கும் அவள் ஓர் ஒழுங்கு கண்டுபிடித்தாள். யார் எந்தப் படத்துக்குக் கீழே இருக்கிறாளோ, அறிக்கையில் அவளுக்கு அந்தப் படத்தின் பெயர். அணில், இலை, ஈ, உரல், எலி. அதை யோசித்துப் பிடித்த அன்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் இப்போது மடியில் ஒரு கடிதமாகக் கிடந்தது.

"வாசிங்க பூரணியக்கா," என்றாள் கம்சாயினி. "என்ன எழுதியிருந்தாலும் நான் கேக்கணும்தானே."

அன்னப்பூரணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நன்னடத்தை அலுவலகத்தில் இருந்து வந்த அந்தக் கடிதத்தை வாசித்தாள்.

"'தங்கள் வட்டத்தின் சித்திரை மாத அறிக்கையின் மூன்றாம் பக்கப் பிரதியொன்று எமக்குக் கிடைத்துள்ளது. அதில், ஏப்ரல் 15ஆம் திகதி உரல் குடித்தார் எனக் காணப்படுகிறது. உரல் எனக் குறிப்பிடப்படுபவர் திருமதி கம்சாயினி உதயரூபன் என முறைப்பாட்டாளர் தெரிவிக்கிறார். பிள்ளையின் பொறுப்புத் தொடர்பான விசாரணை இம்மாதம் 18ஆம் திகதி நடைபெறவுள்ளதால், அதற்கு முன் தங்கள் விளக்கத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பவும்.'"

"உரல் குடிச்சதாம்!" சின்னத்தங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒரு கந்தோர்க் கடிதத்தில இப்பிடி ஒரு வசனம் வரும் எண்டு ஆர் கண்ட!"

மேனுகாவுக்கும் சிரிப்பு வந்தது. கம்சாயினியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"இண்டைக்கு அனுப்பினாத்தான் நேரத்துக்குப் போகும்," என்றாள் அன்னப்பூரணி. "தபால் கந்தோர் பன்னெண்டுக்கு மூடும். எனக்கு ஒண்டுதான் விளங்கல்ல. பிரதி எப்பிடிப் போனதெண்டு விளங்குது. சங்கத்துச் செயலாளரே தனுஷியாதான், அலுமாரித் திறப்பும் அவளிட்ட. ஆனா உரல் ஆரெண்டு அவளுக்கு எப்பிடித் தெரியும்? நான் ஒருத்தருக்கும் சொல்லல்லையே."

சின்னத்தங்கத்தின் சிரிப்பு நின்றது.

"புள்ள, நீ இந்த ரெண்டு வருஷத்தில ஒருக்காவது தெருவில நிண்டு இதுக்குள்ள பாத்திருக்கியா?"

"என்னத்துக்கு?"

"ஒழும்பிப் போய்ப் பாத்திட்டு வாகா."

அன்னப்பூரணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கித் தெருவுக்குப் போனாள். திரும்பிப் பார்த்தாள். தெருப்பக்கம் இருந்தது அரைச்சுவரும் கம்பிவலையும்தான். அதற்கு மேலால் பின்சுவர் முழுவதும் தெரிந்தது. பிள்ளைகளுக்காக யாரோ பெரிதாக, பச்சையும் சிவப்புமாக வரைந்த படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நேர்கீழே ஒரு பெண். அணிலுக்குக் கீழே ஹிதாயாவின் கறுப்புச் சால்வை. உரலுக்குக் கீழே கம்சாயினியின் ஒல்லி முகம். தலைக்கு மேலே ஆளுக்கொரு பெயர்ப்பலகை மாட்டி வைத்ததுபோல. பஸ்ஸில் போகிறவன்கூட யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கணுக்காலுக்கு மேலே தண்ணீர் ஓடியது. இருபது அறிக்கைக்கு மேல். ஒவ்வொன்றிலும் யார் தடுமாறினாள், யார் அழுதாள், யார் மூன்று நாள் வரவில்லை என்று நல்ல கையெழுத்தில், எழுத்துப்பிழை இல்லாமல், திகதி வாரியாக எழுதி, கையோடு கொண்டுபோய்ச் சங்கத்தில் கொடுத்திருக்கிறாள். ஊருக்குக் கதை சொல்ல இதைவிட ஒழுங்கான ஆள் கிடைக்காது.

உள்ளே வந்து கதிரையில் இருந்தாள்.

"எண்ட பிழைதான் கம்சா."

கம்சாயினி பாய் ஓலையில் ஒன்றைப் பிய்த்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பிழையைப் பிறகு பாப்பம்," என்றாள் சின்னத்தங்கம். "இப்ப நான் சொல்லுறதை எழுது. அண்டைக்கு உரலுக்குக் கீழ இருந்தது சின்னத்தங்கம் எண்டு எழுது. நான்தான் குடிச்சன். எனக்குப் பறிக்கப் பிள்ளையும் இல்ல, கெட ஒரு பேரும் மிச்சமில்ல. என்ன செய்யப் போறாங்க? என்னைக் கொண்டுபோய்ப் பாலர் பாடசாலையில சேப்பாங்களா? இஞ்சதானே இருக்கன்."

"மாமி, அப்பிடிச் சொல்லாதீங்க," என்றாள் மேனுகா.

"ஏங்கா? முப்பது வருஷம் குடிச்சவளுக்கு இன்னொரு நாள் ஏறினா என்ன, கணக்கு நிறைஞ்சா வழியப் போகுது?"

கம்சாயினி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அந்த நேரத்தில்தான் முற்றத்துத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது.

வந்தவர் அருமைநாயகம். சங்கத்தின் தலைவர். கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். வெள்ளம் வந்தால் முதலில் தோணி எடுத்துக்கொண்டு போகிறவர் அவர்தான். ஊர் வாசலில் "முன்மாதிரிக் கிராமம்" என்று பலகை நட்டதும் அவர்தான். வருடா வருடம் அதற்கு வர்ணம் பூசுவதும் அவர்தான். சாரத்தை இறக்கி விட்டுக்கொண்டு உள்ளே வந்தவர், இருக்க இடம் தேடி, எலிக்குக் கீழே கிடந்த பாயில் குந்தப் போனார்.

"அங்க இருக்காதீங்க!" நாலு குரல் ஒன்றாகக் கிளம்பியது.

அவர் பாதி குந்தியபடியே திகைத்துப்போய் நிமிர்ந்தார்.

"ஏன், பூச்சி கீச்சி கிடக்கா?"

"அதில ஆள் இருக்கு," என்றாள் ஹிதாயா.

வெறும் பாயை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் நின்றுகொண்டார்.

"பூரணி, கடிதம் வந்ததெண்டு கேள்விப்பட்டன். நான் உங்களுக்கு எதிராளி இல்ல. ஒரு வழியோட வந்திருக்கன்." சேட்டுப் பையிலிருந்து நாலாய் மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். சங்கத்தின் தலைப்புப் போட்ட தாள், ரைப் செய்திருந்தது. "இதில நான் கையெழுத்து வெச்சிட்டன். நீயும் கம்சாயினியும் வெச்சாக் காணும். இஞ்ச நடக்கிறது தையல் வகுப்பு. குடி எண்ட கதையே இல்ல. அந்த அறிக்கை தவறுதலா எழுதப்பட்டது. அவ்வளவுதான்."

"அப்ப தனுஷியா?" என்று கேட்டாள் அன்னப்பூரணி.

"அவளோட கதைச்சிட்டன். முறைப்பாட்டைத் திருப்பி வாங்கிடுவாள். பதினெட்டாம் திகதி விசாரணையில ஒருத்தரும் எதிர்த்துக் கதைக்காட்டி, பிள்ளை தாயிட்ட வரும். நானே கூடப் போய்ச் சொல்லுறன்." குரலைத் தணித்தார். "ஒண்டே ஒண்டு. இண்டையோட இந்த வட்டத்தை விட்டிடணும். வருத்தமெண்டா ஆஸ்பத்திரி இருக்கு, அங்க போகலாம். நடுத் தெருவில, எல்லாரும் பாக்க, இஞ்ச வேணாம். நாளைக்கு ஒருத்தன் எங்கட ஊரைப் பொம்பிளையள் குடிக்கிற ஊர் எண்டு சொல்லப்படாது."

"ஆம்பிளையள் குடிக்கிற ஊர் எண்டு இவ்வளவு நாளும் சொன்னாங்களே தலைவர்," என்றாள் சின்னத்தங்கம். "அப்ப உங்கட காதில தண்ணி பூந்திருந்ததா?"

"தங்கமக்கா, நீங்க சும்மா இருங்க."

"சும்மாதான் இருக்கன். ஈக்குக் கீழ."

அன்னப்பூரணி தாளை வாசித்தாள். ஒருமுறை வாசித்தால் போதும், எந்தக் கடிதத்துக்கு என்ன பலன் என்று அவளுக்குத் தெரியும். இது வேலை செய்யும். தலைவரின் கையெழுத்து, சங்க முத்திரை, ஊரே ஒரே குரலில். பிள்ளை வரும். இரண்டு வருடப் பாய்களைச் சுருட்டி வைத்தால், ஒரு தாய்க்குப் பிள்ளை. தான் செய்த பிழைக்கு அது ஈடாகவும் இருக்கும். பேனையைத் திறக்கக்கூடச் செய்தாள். பிறகு, இது தன்னுடைய கடிதம் இல்லை என்று உறைத்தது. தாளைக் கம்சாயினியிடம் நீட்டினாள்.

"உண்ட பிள்ளை, உண்ட பேர். நீ சொல்லுறதை எழுதுவன்."

கம்சாயினி வாசித்தாள். மெதுவாக, எழுத்தெழுத்தாக. ஹிதாயா தஸ்பீகு மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தையல் வகுப்பெண்டா, நான் என்ன தைச்சன் மாமா?"

"என்ன?"

"விசாரணையில கேப்பாங்கதானே. எட்டு மாசமா என்ன தைச்சாய் எண்டு. எனக்கு ஊசியில நூல் கோக்கவும் தெரியா."

"அதொண்டும் கேக்கமாட்டாங்க புள்ள. அது ஒரு பேச்சுக்கு."

"அப்ப சரி." தாளை மடியில் வைத்தாள். "இதில கையெழுத்து வெச்சா நான் குடிக்கவே இல்ல. அப்பிடித்தானே?"

"ஓம்."

"குடிக்காத ஆள் விட ஏலுமா?"

அருமைநாயகம் தெருப்பக்கம் பார்த்தார்.

"எட்டு மாசம் மாமா. சித்திரை வருஷத்துக்கு அடுத்த நாள் குடிச்சன். ஒரு கிளாஸ் இல்ல, விழுந்து கிடக்கிற அளவுக்குக் குடிச்சன். மறுநாள் விடிய, ஒருத்தரும் கேக்க முதல், நானா வந்து பூரணியக்காட்டச் சொன்னன். மறுகா ரெண்டு கிழமை கை நடுங்கி, கோப்பை பிடிக்க ஏலாம, இந்தத் தங்கம் மாமிதான் தேத்தண்ணி பருக்கினா. ராத்தா ரெண்டு பஸ் மாறி வந்து பக்கத்தில இருந்தா. அண்டையில இருந்து இண்டைக்கு வரை தொடல்ல. எண்ட வாழ்க்கையில நான் செய்து முடிச்ச வேலை அது ஒண்டுதான். அதை நான் தைச்சன் எண்டு சொல்லவா?"

"பிள்ளையை நினைச்சுப் பார் புள்ள."

"அவளைத்தான் நினைக்கிறன்." குரல் உயர்ந்தது. தெருவில் சைக்கிளில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். கம்சாயினி அவரையும் பார்த்தாள், குரலைக் குறைக்கவில்லை. "பொய் சொல்லிப் பிள்ளையை வாங்கினா, அந்தப் பொய் தெரிஞ்ச ஆக்களுக்கு நான் சாகும் வரை பயப்படணும். மச்சாள் ஒரு நாள் கோவத்தில வாயைத் திறந்தாக் காணும், மறுபடி பறிப்பாங்க. நீங்க ஒரு தேர்தலுக்கு வா எண்டாலும் வரணும், போ எண்டாலும் போகணும். அது எண்ட பிள்ளையா, உங்கட சங்கத்துப் பிள்ளையா?"

சின்னத்தங்கம் தொடையில் அடித்துக்கொண்டாள். "அப்பிடிக் கேளுகா!"

"மாமி, உங்களுக்கும் சேத்துத்தான். உரலுக்குக் கீழ இருந்தது நான். எண்ட இடத்தில நீங்க வந்து இருக்காதீங்க." சொன்ன மறுகணம் அவள் சின்னத்தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அருமைநாயகத்துக்கு முகம் கறுத்துவிட்டது. அவர் அன்னப்பூரணியின் பக்கம் திரும்பினார்.

"அப்ப சங்கத்துக்கும் உங்களுக்கும் ஒட்டில்ல. கட்டடத்துத் திறப்பைத் தா பூரணி."

அன்னப்பூரணி திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள். கையை அதன் மேலேயே வைத்திருந்தாள்.

"தாறன் அருமையண்ணே. எழுத்தில கேளுங்க. ரெண்டு வருஷத்துக்கு முதல் எழுத்தில தந்தீங்க, எழுத்தில எடுங்க. என்ன காரணத்துக்குப் பூட்டுறீங்க எண்டு காரணத்தையும் எழுதுங்க. திகதியும் போடுங்க. நான் மூண்டு பிரதி எடுத்து, போக வேண்டிய இடங்களுக்கு அனுப்புறன்."

"காரணம் என்ன எழுதுற? எல்லாருக்கும் தெரியும்தானே."

"தெரியுறதை எழுதுங்க."

அவர் சேட்டுப் பைப் பேனையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். குடியை விட்ட பெண்கள் கூடுகிறார்கள், அதனால் பூட்டுகிறோம் என்று சங்கத் தலைப்பில் எழுதினால், எந்தப் பெயர் வெளியே போகக்கூடாது என்று வந்தாரோ அது முத்திரையோடு வெளியே போகும்.

"தையல் வகுப்பைப் பூட்டுறதெண்டு எழுதுங்க தலைவர்," என்றாள் சின்னத்தங்கம். "ஊசி களவு போயிட்டு எண்டு."

இந்த முறை மேனுகா சிரிப்பை அடக்கவில்லை. ஹிதாயாவும் சால்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"சிரியுங்க, சிரியுங்க. ஊர் இதைப் பாத்துக்கொண்டு இருக்காது," என்று சொல்லிவிட்டு அருமைநாயகம் வெளியேறினார். மோட்டார்சைக்கிள் மூன்றாவது உதையில்தான் உயிர் பெற்றது. திறப்பு மேசையிலேயே கிடந்தது. அவருடைய தாளும்தான்.

மணி பத்தே முக்கால். அன்னப்பூரணி அந்தத் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக, நல்ல தாளாக இருந்தது. முதல் வரைவு எழுத அது போதும்.

விலாசம் எழுதினாள். திகதி போட்டாள். தலையங்கத்தின் கீழ் கோடு இழுத்தாள். பிறகு கம்சாயினி சொல்லச் சொல்ல எழுதினாள். கந்தோருக்கு ஏற்றபடி வசனத்தைத் திருத்தினாளே தவிர, சொன்னதைத் திருத்தவில்லை.

"'அறிக்கையில் உரல் எனக் குறிப்பிடப்பட்டவர் நானே. அறிக்கை தவறுதலாக எழுதப்படவில்லை, சரியாகவே எழுதப்பட்டது. ஆனால் தங்களுக்கு மூன்றாம் பக்கம் மட்டுமே அனுப்பப்பட்டுள்ளது. நாலாம் பக்கத்தின் முதல் வசனத்தைத் தயவுகூர்ந்து கவனிக்கவும்: மறுநாள் காலை தானே வந்து சொன்னார். இத்துடன் நாலாம் பக்கத்தையும், வைகாசி முதல் கார்த்திகை வரையான ஏழு மாத அறிக்கைகளையும் இணைத்துள்ளேன். அவற்றில் உரல் என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் தயவுகூர்ந்து என் பெயரை வாசிக்கவும். என்னை எந்த நாளிலும், முன்னறிவித்தல் இன்றியும், வைத்தியப் பரிசோதனைக்கு அழைக்கலாம்.'"

"இன்னொண்டு போடுங்க," என்றாள் கம்சாயினி. "கெஞ்சுற மாதிரி ஒண்டும் வேணாம். 'தயவுகூர்ந்து' எண்டு ரெண்டு இடத்தில எழுதியிருக்கீங்க. ஒண்டை வெட்டுங்க."

முப்பது வருடமாக எந்தக் கடிதத்திலும் அன்னப்பூரணி 'தயவுகூர்ந்து' என்பதை வெட்டியதில்லை. இரண்டையுமே வெட்டினாள்.

பிறகு தன் பங்கை எழுதினாள். "வட்டத்தின் எழுதுநராகிய நான், உறுப்பினர்களின் அந்தரங்கத்தைக் காப்பதாக நினைத்து, அவர்கள் இருக்கும் இடத்தை அவர்களுக்குப் பெயராக வைத்தேன். அந்த இடங்கள் தெருவில் இருந்து தெரியும் என்பதை இன்றுதான் கண்டேன். இப்பிழை என்னுடையது. இதன் பலனை ஒரு தாயும் பிள்ளையும் சுமக்கக் கூடாது." எழுதி முடித்துப் பேனையை மூடினாள்.

நல்ல தாளில் பிரதி எடுத்ததும் கம்சாயினி கையெழுத்து வைத்தாள். அதன் கீழே இடம் மிச்சமிருந்தது. சின்னத்தங்கம் பேனைக்குக் கை நீட்டினாள்.

"சாட்சி எண்டு எழுதி எண்ட பேரையும் போடு. நான் எங்க இருந்தன் எண்டும் எழுது. ஈக்குக் கீழ எண்டு. பாக்கிறவன் பாக்கட்டும்."

அவள் தன் பெயரை வைக்க ஐந்து நிமிடம் பிடித்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு அளவு. அடுத்தது மேனுகா. "அம்மாக்குத் தெரிஞ்சா என்னைக் கொல்லுவா," என்று சொல்லிக்கொண்டே, மற்ற இருவரையும்விடப் பெரிதாக வைத்தாள்.

பேனை ஹிதாயாவிடம் வந்தது. அவள் அதை வாங்கி, விரல்களுக்குள் உருட்டி, திருப்பிக் கொடுத்தாள்.

"என்னால ஏலா பூரணியக்கா. மகளுக்குக் கல்யாணம் பேசி வெச்சிருக்கம். மாசி மாசம்."

"எழுதாதீங்க ராத்தா," என்றாள் கம்சாயினி உடனே. "நீங்க அண்டைக்கு வந்து பக்கத்தில இருந்தீங்க. அது காணும்."

கண்ணகைக்கென்று ஒரு வரி வெறுமையாக விட்டு, அதற்குக் கீழே அன்னப்பூரணி கையெழுத்து வைத்தாள். கோவையில் இருந்த அறிக்கைப் பிரதிகளோடு சேர்த்து ஓர் உறையில் போட்டாள்.

பதினொன்றரைக்குக் கட்டடத்தைப் பூட்டிக்கொண்டு இறங்கினார்கள். வழக்கமாக ஆளுக்கொரு பக்கமாக, பத்து நிமிட இடைவெளி விட்டுத்தான் கலைவார்கள். ஒருத்தியோடு ஒருத்தி சேர்ந்து போனால் ஊர் கணக்குப் போடும் என்று அன்னப்பூரணி வைத்த ஒழுங்கு அது. இன்றைக்கு அந்த ஒழுங்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவை அடைத்து, தண்ணீருக்குள் ஐவரும் வரிசையாக நடந்தார்கள்.

பஸ்ஸில் இருந்து இறங்கினால் குடையைத் தலைக்கு மேல் தாழ்த்திப் பிடித்துக்கொண்டே ஓடிவருகிறவள் ஹிதாயா, வெயிலென்றாலும் குடைதான். வழியில் தூறல் தொடங்கியது. அவள் குடையை விரித்தாள். விரித்து, தன் தலைக்குப் பிடிக்காமல், அன்னப்பூரணியின் கையில் இருந்த உறைக்கு மேலே பிடித்தாள். முகத்தில் மழை விழ, எதிரே வந்தவர்களை நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

கண்ணகையின் வேலியைக் கடந்தபோது அவள் உள்ளே நின்று பார்த்தாள். கண் வீங்கியிருந்தது. வரவில்லை. "உண்ட பாய் கிடக்கு," என்று கத்தினாள் சின்னத்தங்கம். கண்ணகை வேலிக்கம்பைப் பிடித்தபடியே நின்றாள்.

சங்கக் கட்டடம் சந்தியில் இருந்தது. படியில் தனுஷியா நின்றாள். அருமைநாயகம் உள்ளே மேசையில். கதவுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்த்தபடி, பூனைக்குட்டி போட்ட சின்னக் குடை ஒன்று. கம்சாயினியின் நடை அந்தக் குடையில் தட்டி நின்றது. மகளுடையதாகத்தான் இருக்கும். அது புதுசு. அவள் வாங்கிக் கொடுத்தது இல்லை.

"எங்க மச்சாள் இந்த மழைக்குள்ள ஊர்வலம்?" என்று கேட்டாள் தனுஷியா. குரலில் பகிடி இருந்தது, கண்ணில் இல்லை.

"தபால் கந்தோருக்கு. நீங்க மூண்டாம் பக்கம் அனுப்பியிருந்தீங்க. நான் நாலாம் பக்கத்தை அனுப்புறன்."

தனுஷியா உள்ளே திரும்பித் தலைவரைப் பார்த்தாள். தலைவர் ஏதோ கோவையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"குடிச்சவள் எண்டு நீயே எழுதிக் குடுக்கிறியா? பிள்ளை உனக்குக் கிடைக்குமெண்டு நினைக்கிறியா?"

"கிடைக்காட்டி மறுபடி எழுதுவன். அதுக்கும் கிடைக்காட்டி மறுபடி." கம்சாயினி குடையைக் காட்டினாள். "அவளுக்குச் சளி பிடிக்கும். மழையில நனைஞ்சு வந்தா தலையைத் துடைச்சு விடுங்க."

தபால் கந்தோரில் தபால் அதிபர் பதியுதீன் திரையை இழுத்துவிட எழுந்திருந்தார். மணி பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம். ஐந்து பெண்கள் சொட்டச் சொட்ட வந்து நின்றதைப் பார்த்ததும் மறுபடி இருந்தார்.

"பதிவுத் தபால்," என்றாள் அன்னப்பூரணி.

அவர் உறையை வாங்கி, எடை பார்த்து, திருப்பினார். "அனுப்புறவர் பேர் எழுதல்லையே அக்கா. வழமையா 'செயலாளர், பெண்கள் வட்டம்' எண்டுதானே போடுவீங்க?"

அன்னப்பூரணி பேனையை எடுக்கு முன் கம்சாயினி அதை வாங்கிவிட்டாள். உறையின் பின்பக்கம், இடது பக்க மூலையில், மேசையில் முழங்கையை ஊன்றி எழுதினாள்: கம்சாயினி உதயரூபன். அதன் கீழே வீட்டு விலாசம், ஊர், முழுவதும்.

உறையின் வாய் இன்னும் ஒட்டவில்லை. மழையில் உறையின் பசை பாதி போயிருந்தது. பதியுதீன் பசைப் போத்தலைத் தள்ளிவிட்டார். ஹிதாயா விரலால் தொட்டு, ஓரம் விடாமல் பூசி, மடித்து, உள்ளங்கையால் அழுத்தினாள். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே அழுத்திக்கொண்டு நின்றாள்.

"காணும் ராத்தா, உறை செத்துப் போகும்," என்றாள் சின்னத்தங்கம்.

பதியுதீன் முத்திரையை ஒட்டி, திகதி அச்சைத் தூக்கிக் குத்தினார். பற்றுச்சீட்டைக் கிழித்து, உறையின் பின்பக்கத்தை இன்னொரு தரம் வாசித்துவிட்டு, அன்னப்பூரணியைத் தாண்டிக் கம்சாயினியின் கையில் கொடுத்தார். பிறகு உறையைத் தபால் பைக்குள் போட்டு, வாயைச் சுருக்கி, இறுக்கிக் கட்டினார்.